சிப் போட்ட பிஎஸ்2 டிஸ்க் படிக்கவில்லையா? லென்ஸைத் திருகும் முன் செய்ய வேண்டியவை

சிப் (ரைட் செய்த டிஸ்க்கையும் ஓடவைக்க உள்ளே சால்டர் செய்யும் மாட்சிப்) போட்ட பிளேஸ்டேஷன் 2, அதாவது பிஎஸ்2 விளையாட்டு மெஷின் ஒன்று பழுது என்று வந்தால் நான் முதலில் கேட்பது "எந்த டிஸ்க் ஓடவில்லை?" என்பதுதான். "எதுவுமே ஓடல" என்று பதில் வரும். கொஞ்சம் துருவிக் கேட்டால், பையில் இருந்த ரைட் செய்த டிவிடி மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள், வேறு எதையும் போட்டே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே கம்ப்யூட்டரில் ரைட் செய்தவை. அதற்குள் "லென்ஸ் போச்சு" என்று ஒருவர், "சிப் போச்சு" என்று இன்னொருவர் தீர்ப்பு சொல்லியிருப்பார்.

என் சொந்த மெஷினுக்கும் இதுதான் நடந்தது. படிக்கவில்லை என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பத்து நிமிடத்தில் லென்ஸ் பக்கத்தில் இருந்த குட்டித் திருகை ஒரு சுற்றுச் சுற்றித் தந்தார். அன்றைக்கு அருமையாக ஓடியது. மூன்று மாதத்தில் லென்ஸ் அடியோடு செத்தது. உள்ளே இருந்தது வெறும் அழுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கோபத்தில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தத் திருகு கடைசிக்கு முந்தைய படியாக வருகிறது, அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறேன்.

கையில் இருப்பது எந்த மாடல்?

மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரில் எஸ்சிபிஎச் என்று தொடங்கும் எண் இருக்கும். 10000-இலிருந்து 50000 வரிசை வரை உள்ளவை தட்டு வெளியே வரும் பெரிய மாடல்கள். 2004-இல் தொடங்கி வந்த 70000-இலிருந்து 90000 வரிசை வரை உள்ளவை மேல்மூடி திறக்கும் ஸ்லிம். கடைசி இலக்கம் எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லும்: 0 என்றால் ஜப்பான், 1 என்றால் அமெரிக்கா, 4 என்றால் ஐரோப்பா. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மெஷினாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஜப்பான் பெரிய மாடல் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்க மாடல் 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகியிருந்தால் கோளாறு டிஸ்க்கில் இல்லை, மின்சப்ளையில்.

ஆறு டிஸ்க் சோதனை

மெஷினைத் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கியாவது இந்த ஆறையும் சேர்க்கப் பாருங்கள்: கடையில் வாங்கிய சினிமா டிவிடி, அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும் அசல் பிஎஸ்2 டிவிடி விளையாட்டு, அடிப்பக்கம் நீலமாக இருக்கும் அசல் பிஎஸ்2 சிடி விளையாட்டு, அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் பிஎஸ்1 விளையாட்டு, சாதாரண பாட்டு சிடி, நீங்கள் வழக்கமாகப் போடும் ரைட் செய்த டிவிடி.

ஏன் இத்தனை வகை என்றால், பிஎஸ்2 லென்ஸ் ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு லேசர் வேலை செய்கிறது. சிடிக்கு 780 நானோமீட்டர், அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடிக்கு 650 நானோமீட்டர், அது சிவப்பு. ஒன்று தளர்ந்து மற்றது நன்றாக இருப்பது சாதாரணம். நீல டிஸ்க் ஓடி வெள்ளி டிஸ்க் ஓடவில்லை என்றாலும், தலைகீழாக நடந்தாலும், கோளாறு அந்த ஒரு லேசர் பக்கம்தான். அப்போது சிப்பைக் குறை சொல்லாதீர்கள்.

அசல் டிஸ்க் எல்லாம் ஓடுகிறது, ரைட் செய்தது மட்டும் ஓடவில்லை என்றால் டிஸ்க் அல்லது சிப். சினிமா டிவிடி ஓடுகிறது, விளையாட்டைப் போட்டால் திரை முழுக்கச் சிவப்பாகி 'பிளேஸ்டேஷன் டிஸ்க்கைப் போடு' என்று ஆங்கிலத்தில் வருகிறது என்றால் சந்தேகம் சிப் மேல். அந்தச் சிவப்புத் திரைக்கு அர்த்தம், மெஷின் டிஸ்க்கைப் படித்துவிட்டது, ஆனால் அசல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. 'டிஸ்க் ரீட் எரர்' என்று வந்தால் கதை வேறு, படிக்கவே முடியவில்லை என்று பொருள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆறில் ஒன்றுகூட ஓடவில்லை என்றால் அழுக்கு, நகரும் பாகங்கள், மின்சாரம், லென்ஸ் என்ற வரிசையில் போக வேண்டும்.

கடைசியாக ஒரு வகை உண்டு. விளையாட்டு ஆரம்பிக்கும், நடுவில் வீடியோக் காட்சி வரும்போது திக்கித் திணறி நிற்கும். இதில் லென்ஸ் பெரும்பாலும் பிழைத்திருக்கும். டிஸ்க்கின் வெளி ஓரத்துக்கு நகர முடியாமல் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளும்.

காதை வைத்துக் கேளுங்கள்

டிஸ்க்கைப் போட்டு டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு மெஷின் பக்கத்தில் காதை வையுங்கள். நல்ல மெஷினில் லென்ஸ் உள் ஓரத்துக்கு நகர்ந்து, இரண்டொரு முறை மேலும் கீழும் அசைந்து குவியத்தைத் தேடி, பிறகு டிஸ்க் சீராகச் சுற்றத் தொடங்கும்.

டிஸ்க் சுற்றவே இல்லை, லேசான டிக் டிக் மட்டும் கேட்கிறது என்றால் லென்ஸுக்கு டிஸ்க்கே தெரியவில்லை. அழுக்காக இருக்கலாம், லேசர் செத்திருக்கலாம், லென்ஸை நகர்த்தும் காயில் (கம்பிச்சுருள்) எரிந்திருக்கலாம். டிஸ்க் சுற்றி, வேகம் ஏறி இறங்கி, கடைசியில் நின்றுபோனால் தெரிகிறது ஆனால் தெளிவாக இல்லை என்று பொருள். சுரண்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். லென்ஸ் டிஸ்க்கைத் தொடுகிறது.

ஒரு எச்சரிக்கை. படிக்காத டிஸ்க்கை உள்ளே வைத்து "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று பத்துத் தடவை ரீசெட் அடிக்காதீர்கள். சிப் போட்ட மெஷினில் இதுதான் லென்ஸைக் கொல்லும் முக்கியப் பழக்கம். காரணம் பின்னால் வருகிறது.

ரைட் செய்த டிஸ்க்

பிஎஸ்2-க்குப் பிடித்தது டிவிடி மைனஸ் ஆர். பிளஸ் ஆர் டிஸ்க்கில் எழுதினால், டிஸ்க் தன்னை பிளஸ் ஆர் அல்ல, டிவிடி-ரோம் என்று சொல்லிக்கொள்ளும்படி எழுதும் மென்பொருளில் புக் டைப்பை மாற்ற வேண்டும். இல்லையென்றால் பல மெஷின்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எழுதும் வேகம் 4 எக்ஸ் போதும், 8 எக்ஸுக்கு மேல் போகாதீர்கள். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் ஒளி மிகக் குறைவாகவே திரும்பி வரும். வயதான லென்ஸுக்கு அது ஆகாது.

நம் ஊர் வெயிலிலும் ஈரப்பதத்திலும் பத்து வருடம் பிளாஸ்டிக் உறையில் கிடந்த ரைட் செய்த டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் ஆச்சரியமில்லை. விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் நிறம் வெளுத்திருந்தாலோ, ஊசிமுனை அளவில் ஒளி ஊடுருவினாலோ அதைத் தூக்கிப் போடுங்கள். பர்மா பஜார் காலத்து டிஸ்க்குகள் இன்னும் ஓடும் என்று நம்பி மெஷினைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொந்தமாக வாங்கிய விளையாட்டின் பிரதியைப் புதிய, நல்ல டிஸ்க்கில் மெதுவாக எழுதிப் போட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

சிப்பைச் சந்தேகிக்க வேண்டிய இடம்

சிப் செய்யும் வேலை சின்னது. அசல் டிஸ்க்கில் மட்டும் இருக்கும் அடையாளத்தை மெஷின் தேடும்போது, "இருக்கிறது" என்று சிப் இடையில் புகுந்து சொல்லிவிடும். டிஸ்க்கைச் சுற்றுவதோ, லென்ஸைக் குவிப்பதோ அதன் வேலை இல்லை. ஆகவே பாட்டு சிடிகூட ஓடாத மெஷினில் சிப் குற்றவாளியாக இருப்பது அபூர்வம்.

சிப்பை அணைத்துவிட்டு அசல் டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. பல சிப்புகளில் மெஷினைத் தொடங்கும்போது ரீசெட் பொத்தானையோ, கன்ட்ரோலரில் ஒரு பொத்தானையோ சில நொடி அழுத்திப் பிடித்தால் சிப் தூங்கிவிடும். சிலர் பின்பக்கத்தில் குட்டி சுவிட்ச் வைத்திருப்பார்கள். எந்தச் சிப் என்று தெரிந்தால் அதன் முறையைத் தேடிப் பிடிக்கலாம். மேட்ரிக்ஸ் இன்ஃபினிட்டி, டிஎம்எஸ்4, மோட்போ ஆகியவைதான் அதிகம் கண்ணில் படும். சிப்பை அணைத்ததும் அசல் டிஸ்க் ஓடினால் சிப் பக்கம் போங்கள். அணைத்தும் ஓடவில்லை என்றால் சிப்பை மறந்துவிடுங்கள்.

சிப் பக்கம் போவது என்றால் பெரும்பாலும் ஒயர்களைப் பார்ப்பதுதான். முடி போன்ற ஒயர்கள் இருபது வரைகூட இருக்கும். சால்டரிங் வைத்தவர் அவசரக்காரராக இருந்தால் ஒரு புள்ளி எழும்பியிருக்கும். வெள்ளைப் பசையில் ஒட்டிய ஒயர்கள் சூட்டில் பசை இளகி நகர்ந்திருக்கும். மேல்தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒயர் நசுங்கி, காப்பு கிழிந்து தகட்டைத் தொடுவதும் உண்டு. உருப்பெருக்கி வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பாருங்கள். பல்குத்தும் குச்சியால் மெல்லத் தொட்டால் உயிரில்லாத புள்ளி ஆடும். மெல்லிய முனையுள்ள சால்டரிங் அயர்ன் பழக்கமில்லை என்றால் இங்கேயே நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் இந்த வேலைக்குக் கை பழகியவர்கள் உண்டு. "எந்தப் புள்ளி" என்று நீங்களே காட்டிவிட்டால் வேலையும் சீக்கிரம், கூலியும் குறைவு.

திறப்பதற்கு முன்

பெரிய மாடலுக்கு உள்ளேயே மின்சப்ளை போர்டு இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பிடுங்கி வைத்துவிட்டு ஒரு அரைமணி நேரம் வேறு வேலை பாருங்கள். அதற்குப் பிறகும் அந்தப் போர்டில் கை வைக்காதீர்கள். மெஷின் ஓடும்போது லென்ஸுக்கு நேரே கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். சிடி லேசர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இருப்பதே தெரியாமல் பார்த்துவிடுவோம். லேசர் எரிகிறதா என்று தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில், தள்ளி நின்று, சிவப்பொளி மினுங்குகிறதா என்று பாருங்கள். அது டிவிடி லேசரை மட்டும் காட்டும்.

பெரிய மாடலைக் கவிழ்த்தால் அடியில் சதுரமான சின்ன மூடிகளும் ரப்பர் கால்களும் இருக்கும். அவற்றைக் கிளப்பினால் திருகுகள், மாடலைப் பொறுத்து எட்டு அல்லது பத்து. கழற்றிவிட்டு மெஷினை நிமிர்த்தி மேல்மூடியை மெதுவாகத் தூக்குங்கள். முன்பக்கம் ரீசெட் பொத்தானிலிருந்து காகிதம் போல ஒரு பட்டைக் கேபிள் மூடியோடு ஒட்டி வரும். வெடுக்கென்று இழுத்தால் அது கிழியும், பிறகு மெஷினே ஆன் ஆகாது. முதல் தடவை திறப்பவர்கள் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுவார்கள்.

திருகுகளை எடுத்த வரிசையில் ஒரு காகிதத்தில் செலோடேப் போட்டு ஒட்டிவையுங்கள். டிரைவின் மேல்தகட்டில் நான்கு குட்டித் திருகுகள். அந்தத் தகட்டின் அடியில் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காந்த வட்டு இருக்கிறது. அது இல்லாமல் டிஸ்க் வழுக்கும். தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்து, "இன்னும் ஓடல" என்று குழம்பாதீர்கள்.

லென்ஸ் சுத்தம்

நம் வீடுகளில் லென்ஸ் மேல் படிவது வெறும் தூசி இல்லை. ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்திப் புகை, சமையலறை எண்ணெய் ஆவி எல்லாம் சேர்ந்து ஒரு பிசுக்கு. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்த மெஷினில் லென்ஸ் பழுப்பாகவே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாயால் ஊதினால் இது போகாது, எச்சில்தான் தெறிக்கும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம் வாங்குங்கள், எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். நெயில் பாலிஷ் நீக்கி, ஸ்பிரிட், சென்ட் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் லென்ஸை அசிட்டோன் நொடியில் மங்கலாக்கிவிடும். நல்ல இயர்பட்ஸ் முனையை ஆல்கஹாலில் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட்டு, லென்ஸ் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். அழுத்தவே கூடாது. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, கம்பி வளைந்தால் வேலை முடிந்தது. உலர்ந்த இன்னொரு முனையால் ஒரு தடவை. சாய்த்துப் பார்த்தால் நீலப் பளபளப்பு சீராகத் தெரிய வேண்டும்.

துடைத்தும் சரியாகவில்லை என்றால் லென்ஸுக்கு அடியில் இருக்கும் கண்ணாடியில் தூசி இருக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பர் பல்பால் பக்கவாட்டில் இரண்டு மூன்று முறை காற்றடியுங்கள். கம்ப்ரஸர் காற்று வேண்டாம். தூரிகை ஒட்டிய 'லென்ஸ் கிளீனர் டிஸ்க்' பக்கமும் போக வேண்டாம் என்பேன். வேகமாகச் சுற்றும் தூரிகை கம்பியில் தொங்கும் லென்ஸில் மோதுவது எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் மெஷின்கள் இந்தப் படியிலேயே பிழைத்துவிடும்.

தண்டவாளமும் வெள்ளைப் பல்சக்கரமும்

லென்ஸ் இரண்டு எஃகுக் கம்பிகள் மேல் ஓடுகிறது. பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து களிம்பாகியிருக்கும். ஆல்கஹால் தொட்ட துணியால் கம்பிகளையும், லென்ஸைத் தள்ளும் திருகு மரையையும் துடைத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு கடுகளவு தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். நாலு நாளில் வழிந்து லென்ஸ் மேலேயே வந்து நிற்கும். நடுவில் திக்கி நிற்கும் மெஷின்களுக்கு இதுதான் மருந்து.

பெரிய மாடல்களில் லென்ஸ் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம் தெரியும். தண்டவாளத்தின் உயரத்தையும் சாய்வையும் அது நிர்ணயிக்கிறது. வருடக்கணக்கில் அதிர்ந்து ஒன்றிரண்டு பல் நகர்ந்திருக்கலாம். தொடுவதற்கு முன் மார்க்கர் பேனாவால் பல்லிலும் பக்கத்துப் பிளாஸ்டிக்கிலும் ஒரே நேர்க்கோடு போட்டுவிடுங்கள், போனில் படமும் எடுங்கள். ஒரு பக்கமாக ஒரு பல் நகர்த்தி, தகட்டை மாட்டி, ஓட்டிப் பாருங்கள். பலனில்லை என்றால் இன்னொரு பல். மூன்று பல்லுக்குள் ஒன்றும் மாறவில்லை என்றால் கோட்டுக்குத் திரும்பி மறுபக்கம் முயலுங்கள். அதிலும் இல்லை என்றால் கோட்டிலேயே விட்டுவிடுங்கள். எங்கே ஆரம்பித்தோம் என்று மறந்தவர்கள் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக இழப்பார்கள்.

இன்னொன்று. சில பெரிய மாடல்களில் முதல் திரையில் முக்கோணப் பொத்தானை அழுத்தி, கன்சோல் என்ற வரியில் மறுபடி முக்கோணம் அழுத்தினால் 'டயக்னாஸிஸ்' என்று ஒன்று வரும். அதை ஆன் செய்துவிட்டு டிஸ்க்கைப் போட்டால் மெஷின் தானே கொஞ்சம் சரிசெய்து பார்க்கும். அணைத்துப் போட்டால் மறுபடி ஆஃப் ஆகிவிடும். செலவில்லாத வேலை, செய்து பாருங்கள்.

ஸ்லிம் வைத்திருப்பவர்களுக்கு

ஸ்லிமில் மூன்று விஷயம் தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது அடாப்டர். 70000-இலிருந்து 79000 வரிசை வரை வெளியே 8.5 வோல்ட் அடாப்டர்தான், 90000 வரிசையில் மட்டும் மின்சப்ளை உள்ளே. அசல் தொலைந்து மலிவு அடாப்டர் வாங்கியிருந்தால், டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடியில் வோல்ட் சரியும். மெனு நன்றாக வரும், டிஸ்க் மட்டும் ஓடாது. வேறு நல்ல அடாப்டர் போட்டுப் பார்க்காமல் லென்ஸை மாற்றாதீர்கள்.

இரண்டாவது, மேல்மூடி மூடியிருப்பதை உணரும் குட்டி சுவிட்ச். மூடியைத் திறந்து டிஸ்க் மாற்றும் வித்தைக்காக முன்பு யாராவது அதில் டேப் ஒட்டியிருப்பார்கள். டேப் பாதி பிய்ந்து தொங்கினால் மெஷினுக்கு மூடி மூடியதே தெரியாது.

மூன்றாவது, டிஸ்க்கில் வட்டமாகக் கீறல் விழுவது. ஸ்லிமில் லென்ஸின் பட்டைக் கேபிள் மடிப்பு தளர்ந்து மேலே எழும்பி லென்ஸைத் தள்ளும், சில சமயம் கேபிளே டிஸ்க்கில் உரசும். கேபிளைக் கழற்றி மடிப்பை முன்போல மெல்ல அழுத்தி, அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தாழ்த்தி வைத்தால் போதும். இதைப் பார்க்காமல் நல்ல டிஸ்க்கைப் போட்டால் அதுவும் போகும்.

காயில் எரிந்துவிட்டதா?

சிப் போட்ட மெஷின்களுக்கே உரிய நோய் இது. லென்ஸை மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்த இரண்டு குட்டிக் காயில்கள் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் தருவது போர்டில் இருக்கும் டிரைவர் ஐசி. படிக்க முடியாத டிஸ்க் உள்ளே இருந்தால் சாதாரண மெஷின் சில முயற்சிக்குப் பிறகு விட்டுவிடும். சில சிப்புகள் விடாமல் முயலவைக்கும், அந்த நேரம் முழுக்கக் காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 50000 வரிசையிலும் முதல் ஸ்லிம்களான 70000 வரிசையிலும் இப்படிக் காயில் எரிந்த கதைகள் ஏராளம். பிறகு வந்த சிப்புகள் மென்பொருளிலேயே இதற்குத் தடுப்பு வைத்தன. பழைய சிப்புகளுக்கு 'ரோமியோ மாட்' என்று ஒரு குட்டிச் சுற்றைச் சால்டர் செய்வார்கள். மேலே ரீசெட் அடிக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

கண்டுபிடிப்பது எளிது. மெஷினை ஆன் செய்ததும் லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தோ மேலே எழும்பியோ அப்படியே நின்றால், அல்லது கருகிய வாடை வந்தால், உடனே அணையுங்கள். பட்டைக் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து லென்ஸின் இரண்டு காயில்களையும் அளந்து பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது.

காயில் அறுந்திருந்தால் புது லென்ஸ் வாங்க ஓடாதீர்கள். டிரைவர் ஐசி கெட்டு அதனால் காயில் எரிந்திருந்தால், புது லென்ஸும் ஐந்து நிமிடத்தில் எரியும். லென்ஸ் கேபிள் இல்லாமல், டிஸ்க்கும் இல்லாமல் மெஷினை ஒரு நிமிடம் ஆன் செய்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐசி மேல் விரலை வைத்துப் பாருங்கள். சுடுகிறது என்றால் ஐசி போயிருக்கிறது. அதை மாற்ற, சூடான காற்றால் சால்டரை இளக்கும் ஹாட் ஏர் கருவி வேண்டும், வீட்டு வேலை இல்லை. கூடவே போர்டில் பிஎஸ் என்று எழுத்தும் எண்ணும் போட்ட, மிளகைவிடச் சின்ன பியூஸ்கள் இருக்கும். யாராவது மெஷின் ஆனில் இருக்கும்போதே பட்டைக் கேபிளைச் செருகியிருந்தால் அவற்றில் ஒன்று போயிருக்கும். மல்டிமீட்டர் பீப் அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அற்ப விலை பியூஸுக்காக லென்ஸ் மாற்றப்பட்ட மெஷின்கள் உண்டு.

இப்போது அந்தத் திருகு

லென்ஸ் பாகத்தின் ஓரத்தில் இரண்டு குட்டிப் பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும், ஒன்று சிடி லேசருக்கு, ஒன்று டிவிடிக்கு. திருகினால் லேசருக்குப் போகும் மின்சாரம் கூடும் அல்லது குறையும். தளர்ந்த லேசருக்கு மின்சாரத்தைக் கூட்டினால் கொஞ்ச நாள் பிரகாசமாக எரிந்து, சீக்கிரமே அணையும். என் மெஷினுக்கு நடந்தது அதுதான்.

மேலே சொன்ன எல்லாம் செய்தாகிவிட்டது, ஒரு வகை டிஸ்க் மட்டும்தான் ஓடவில்லை, லென்ஸை எப்படியும் மாற்றத்தான் போகிறேன் என்ற நிலையில் வேண்டுமானால் முயலுங்கள். முதலில் மல்டிமீட்டரால் இப்போதைய ஓம் அளவை எடுத்து எழுதிவையுங்கள். ஓடாத வகைக்கு உரியதை மட்டும், கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கும் குறைவாகத் திருப்பி, ஓட்டிப் பாருங்கள். ஓம் குறைந்தால் லேசர் பலம் கூடுகிறது. ஓடத் தொடங்கிய இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் கூட்டினால் இன்னும் நன்றாகப் படிக்கும் என்ற ஆசை வரும். வேண்டாம்.

லென்ஸ் மாற்றுவது

பழைய லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். பழைய பெரிய மாடல்களில் கேஎச்எஸ்-400பி, 50000 வரிசையில் கேஎச்எஸ்-400சி, பிற்கால ஸ்லிம்களில் பிவிஆர்-802டபிள்யூ போன்றவை வரும். உருவம் ஒன்றாக இருந்தாலும் மாற்றிப் போடாதீர்கள். இப்போது 'புதுசு' என்று வருவதில் பல, பழையதைத் துடைத்து மறுவிற்பனை செய்பவை. திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குவது நல்லது.

புது லென்ஸில் நிலைமின்சாரத்திலிருந்து காக்க, பட்டைக் கேபிள் முனைக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகளைச் சால்டர் துளியால் இணைத்து அனுப்புவார்கள். கேபிளைச் செருகிப் பூட்டிய பிறகு அந்தத் துளியைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியவே எரியாது, புது லென்ஸும் செத்துதான் வந்தது என்று நினைப்போம். கேபிளைச் செருகும் முன்பே எடுத்தால் உடம்பின் நிலைமின்சாரமே லேசரைக் கொன்றுவிடும். உல்லன் ஸ்வெட்டர், நைலான் பாய் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. பருத்தித் துணி விரித்து உட்காருங்கள்.

மாட்டிய பிறகு வெள்ளைப் பல்சக்கரத்தை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். முதலில் ஓட்டுவது கீறல் இல்லாத அசல் டிஸ்க்காக இருக்கட்டும்.

ஓடத் தொடங்கியதும்

மெஷின் படிக்கத் தொடங்கிய அன்றைக்கே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். 8 எம்பி மெமரி கார்டு ஒன்றில் ஃப்ரீ எம்சிபூட் ஏற்றுங்கள், டிஸ்க் இல்லாமல் கார்டிலிருந்தே மென்பொருள்களைத் தொடங்கவைக்கும் நிரல் அது. சிப் இருப்பதால் ரைட் செய்த டிஸ்க்கிலிருந்தே அதை ஏற்ற முடியும். லென்ஸ் செத்த பிறகு இதே வேலைக்கு வேறொருவர் மெஷினைத் தேடி அலைய வேண்டும். 90000 வரிசையில் பிற்பாடு வந்தவற்றில் மட்டும் இது நடக்காது.

அப்புறம் ஓபிஎல் (ஓப்பன் பிஎஸ்2 லோடர்) என்ற மென்பொருள் வழியாக விளையாட்டுகளை டிஸ்க் இல்லாமல் ஓட்டலாம். பெரிய மாடலில் பின்பக்க நெட்வொர்க் அடாப்டரோடு ஹார்ட் டிஸ்க் மாட்டுவதுதான் சிறந்த வழி. ஸ்லிமில் நெட்வொர்க் கேபிள் போட்டு வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டலாம். பென் டிரைவ் எளிது, ஆனால் பிஎஸ்2-இன் யுஎஸ்பி பழைய 1.1 வகை. நொடிக்கு 1 எம்பி அளவுக்குத்தான் வரும். டிஸ்க் டிரைவோ 4 எக்ஸ் டிவிடியில் நொடிக்கு 5 எம்பிக்கு மேல் படிக்கும். அதனால் பென் டிரைவில் வீடியோக் காட்சிகள் திக்கும், அதைப் பார்த்துவிட்டு மறுபடி லென்ஸைச் சந்தேகிக்க வேண்டாம்.

என் மெஷினில் இப்போது ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறது. மாதம் ஒருமுறை நீல டிஸ்க் ஒன்றும் வெள்ளி டிஸ்க் ஒன்றும் போட்டுப் பார்ப்பேன், இரண்டு லேசரும் இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள. மெஷின் மேல் ஒரு பழைய பருத்தித் துண்டு மூடிக் கிடக்கும். கொசுவத்தியைப் பக்கத்து அறைக்கு மாற்றியாகிவிட்டது.